பிழைக்கு ஆசிரியன் உண்டா?

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வங்கியில் வேலை பார்க்கிறவனுக்குக் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காமல் ஒரு நாள் கழியாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறவையும் அங்கிருந்து வருகிறவையும் சாலையில் வரிசை கட்டி நிற்கும். பஸ் ஜன்னலிலிருந்து படிக்க வேறொன்றும் இராது. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்துகள், ஆறு எண்கள், பிறகு ஒரு சிறு கட்டத்துக்குள் தனியாக இன்னோர் எண். இந்தக் கடைசி எண் பெட்டியைக் குறிப்பதல்ல. முந்திய பத்துக் குறிகளும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்காக வைத்தது. எழுத்துகளுக்கு 10 தொடங்கி மதிப்புத் தருகிறார்கள் (11ம் அதன் மடங்குகளும் விலக்கு). ஒவ்வோர் இடத்துக்கும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எடை. பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்த மீதிதான் கட்டத்துக்குள் இருப்பது. துறைமுக வாசலில் ஓர் எண்ணை மாற்றி அடித்தால் மீதி ஒத்துவராது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு: மீதி 10 என்று வந்தால் எழுத ஓர் இடம்தானே இருக்கிறது, அதையும் 0 என்றே எழுதுகிறார்கள். ஆகவே 10ம் 0ம் ஒன்றுபோல் தெரியும். அப்படி 10 வரக்கூடிய வரிசை எண்களைத் தவிர்த்துவிடுங்கள் என்று சிபாரிசு.

இந்தக் கட்டத்து எண்ணுக்குத் தெரிந்தது ஏதோ தவறியிருக்கிறது என்பது மட்டுமே. எங்கே தவறியது, எது சரி என்பதெல்லாம் அதன் அறிவுக்கு அப்பாற்பட்டவை. தவறு என்று அறிவதற்கும் சரியை அறிவதற்கும் நடுவே உள்ள தூரத்தைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் கடந்திருக்கிறார்கள். கடந்த விதத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு போகையில், அது நம்முடைய பழைய ஒழுக்கப் பிரச்னை ஒன்றை வேறு முனையிலிருந்து தொடுவதாக எனக்குப் பட்டது. தடயம் எதுவும் விடாமல், யாருக்கும் சொல்லாமல் ஒரு பிழையைத் திருத்திவிடுவது எப்போது சரி, எப்போது அக்கிரமம்?

முதலில் இயந்திரத்தின் ஞாபகம். மின்சாரம் நின்றாலும் மறக்காத நினைவகத்தை ஆங்கிலத்தில் 'நான்-வாலடைல்' என்கிறார்கள். வேர்ச்சொல் லத்தீனில் பறத்தல். பறந்துபோகாத ஞாபகம் என்று சொல்லலாம். பென்டிரைவிலும் செல்போனிலும் இருப்பது இதுதான். 1967ல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் ஸீ என்ற இருவர் இதன் அடிப்படையை வகுத்தார்கள். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா அதை 'ஃப்ளாஷ்' ஆக்கினார். ஓர் அறை. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர். அதற்குள் எலெக்ட்ரான்களை அதிக அழுத்தத்தில் திணித்துவிட்டால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். அறை நிரம்பியிருந்தால் 0, காலியாயிருந்தால் 1. ஞாபகம் என்பது இங்கே ஒரு சிறைவாசம்.

சுவர் சில நானோமீட்டர் கனம். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் எலெக்ட்ரான்கள் அந்தச் சுவரை ஊடுருவித்தான் போக வேண்டும். போகப்போகச் சுவர் பழுதாகிறது, கசிவு அதிகரிக்கிறது. வெயில் ஏறினால் கசிவு இன்னும் வேகம். பேராசை வேறு. ஆரம்பத்தில் ஓர் அறையில் ஒரு பிட் வைத்தார்கள், நிறைவு-காலி என்று இரண்டே நிலை. பிறகு இரண்டு பிட் வைக்க நான்கு நிலை, மூன்று வைக்க எட்டு, நான்கு வைக்கப் பதினாறு. அதே அறையில் பதினாறு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும் என்றால் கொஞ்சம் கசிந்தாலும் ஒரு மட்டம் பக்கத்து மட்டமாகிவிடும். விலை மலிந்ததன் ரகசியம் இதுவே. சாதாரண உபயோகத்துக்கான ஸாலிட் ஸ்டேட் டிரைவுகளுக்கு இத்தொழிலின் தர விதி கேட்பது, அதன் ஆயுட்கால எழுத்தெல்லாம் தீர்ந்த நிலையில், மின்சாரமில்லாமல், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு ஞாபகம் வைத்திருந்தால் போதும் என்பது. வருஷத்தில் பாதி நாள் 30 டிகிரியைத் தாண்டி நிற்கிற திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கையில் பறந்துபோகாத என்ற அடைமொழி சற்று அதிகப்படி என்றே தோன்றுகிறது. நம் பனையோலை சில நூற்றாண்டு தாங்கியது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. கசிவுக்குத் திசை உண்டு. நிரம்பிய அறை காலியாகிறது, 0 என்று எழுதியது 1ஐ நோக்கி நழுவுகிறது. 1 என்பது அழித்த நிலை, எழுதப்படாத ஏட்டின் நிலை. ஆக, மறதி வெறுமையை நோக்கியே போகிறது. ஆனால் இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஒரு வரிசையைப் படிக்கும்போது அதே கட்டில் உள்ள மற்ற வரிசைகளிலும் ஓரளவு அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை படித்தால், யாரும் தொடாத அண்டை அறைகளில் எலெக்ட்ரான்கள் சிறுகச்சிறுகச் சேர்ந்து, காலியாயிருந்தது நிரம்பினதாகத் தோன்ற ஆரம்பிக்கும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம்மவர்கள் சொன்னது பிரதி செய்கிறவர்களை நினைத்து. ஒன்றைப் படிப்பதால் அதன் பக்கத்தில் இருப்பது கெடும் என்பதை அவர்களும் யோசித்ததில்லை. விமர்சகர்கள் யோசிக்கலாம்.

இவ்வளவு கசியும் பாத்திரத்தில் உலகத்தின் கணக்குகளெல்லாம் இருக்கின்றன, கெடாமலும் இருக்கின்றன. காரணம், திருத்தம். 1940களில் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்பவர் வார இறுதியில் தன் கணக்குகளை ரிலே இயந்திரத்தில் ஓடவிட்டுப் போவார். இயந்திரத்துக்குத் தவறு கண்டுபிடிக்கத் தெரியும். கண்டுபிடித்தால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. தவறு என்று தெரிகிறதே, எங்கே என்றும் தெரிந்து திருத்திக்கொள்ள ஏன் முடியாது என்று எரிச்சலோடு ஆரம்பித்தது 1950ல் கட்டுரையாக வந்தது. நான்கு பிட் செய்தியோடு மூன்று காவல் பிட்டுகள். மூன்று காவலர்களும் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் மொத்தம் எட்டு விதமான பதில்கள். ஏழு இடங்களில் எது தவறு, அல்லது எதுவுமே தவறில்லை. கச்சிதம்.

ஆனால் இந்தக் கச்சிதம் ஓர் உபகாரத்தால் வந்தது. பிட் என்பதற்கு இரண்டே மதிப்பு. 0 தவறு என்றால் 1தான் சரி. தவறின் இடம் தெரிந்த மாத்திரத்தில் சரியும் தெரிந்துவிடுகிறது. வாழ்க்கையில் எங்கே இப்படி இருக்கிறது? ஒருவன் திருடன் இல்லை என்று நிரூபிக்கப்பட்டதால் அவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுவதில்லை. ஒரு கவிதையில் இச்சொல் பொருந்தவில்லை என்று சொல்ல முடிகிறவர்கள் அநேகர், பொருந்தும் சொல்லைத் தரக்கூடியவர் அதை எழுதியவரே, சமயத்தில் அவரும் இல்லை. இரண்டே விடையுள்ள உலகத்தின் ஒழுக்கத்தை மூன்றாவது விடைக்கு இடமுள்ள உலகத்துக்குக் கொண்டுவரும்போது விபரீதம் ஆரம்பிக்கிறது. நம் அரசியல் விவாதங்கள் பெரும்பாலும் ஹாமிங் முறையில் நடப்பவை என்று எனக்கு ஓர் அபிப்பிராயம்.

ஹாமிங்குக்குப் பிறகு வந்தவற்றில் 'பி.ஸி.எச்.' என்று மூன்று பேரின் பெயரால் வழங்கும் முறை ஃப்ளாஷ் நினைவகத்தில் நெடுநாள் ஆண்டது. 1959ல் பிரான்ஸில் ஹாக்கங்கெம், 1960ல் தனியே போஸும் ராய்-சௌத்ரியும். இந்த ராஜ்சந்திர போஸ் 1901ல் ஹோஷங்காபாத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் மகலனோபிஸின் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். அங்கே இருந்த காலத்தில் அவர் செய்த முக்கிய வேலை, பரிசோதனைகளைத் திட்டமிடும் கணிதம். எந்தப் பாத்தியில் எந்த விதை, எந்த உரம் போட்டால் மண்ணின் குறையை விதையின் குறையிலிருந்து பிரித்தறியலாம் என்ற மாதிரிக் கேள்விகள். கசியும் ஞாபகத்தைக் காப்பாற்றும் கணிதத்துக்கு வயல் வரப்போடு உறவிருப்பது எனக்குச் சந்தோஷம் தருகிறது. இதற்கு மேல் அர்த்தம் எதுவும் வேண்டாம்.

இன்றைய டிரைவுகளில் இருப்பது ராபர்ட் கல்லகரின் முறை. 1960ல் எம்.ஐ.டி.யில் ஆய்வேடாகவும் 1963ல் நூலாகவும் வந்து, அக்காலத்துக் கம்ப்யூட்டர்களால் முடியாத வேலை என்று ஏறக்குறைய முப்பது வருஷம் அலமாரியில் கிடந்து, 1990களின் நடுவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. இதன் விசேஷம் சந்தேகத்தை உபயோகிப்பது. அறையைப் படித்தவுடன் இது 0, இது 1 என்று தீர்ப்பு வழங்கிவிடுவதில்லை. அளவுகோலைச் சற்று நகர்த்தி நகர்த்திப் பலமுறை படித்து, இது அநேகமாக 0, இது 1ஆக இருக்கலாம் ஆனால் நிச்சயமில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கை அளவைத் தருகிறது. பிறகு காவல் சமன்பாடுகளும் அறைகளும் ஒன்றுக்கொன்று தங்கள் நம்பிக்கையைச் சொல்லி, கேட்டு, மாற்றிக்கொண்டு, எல்லாம் ஒத்துப்போகும்வரை பேசுகின்றன. அவசரப்பட்டு முடிவெடுக்கிற இயந்திரம் திருத்துவதைவிட, தயங்கத் தெரிந்த இயந்திரம் அதிகம் திருத்துகிறது. தயக்கத்தைப் பலவீனம் என்று நினைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

எந்த முறையானாலும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. சம்மதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. படித்தது அப்பட்டியலில் இல்லையென்றால் அதற்கு மிக நெருங்கிய சொல்லே எழுதப்பட்டிருக்கும் என்று கொள்வது. இது நடக்க வேண்டுமானால் பட்டியலிலுள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். தமிழ் இவ்விஷயத்தில் ஆபத்தான பாஷை. வலி, வழி, வளி. அரம், அறம். ஒரு கீறல் மாறினால் ஒழுக்கம் இரும்பு ராவும் கருவியாகிறது, பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் அதுவும் சொல்தான். ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள். எகர ஏகாரம் ஒன்றுபோலவே இருக்கும். பிரதி செய்கிறவன் பொருள் தெரிந்தவனாயிருந்தால் ஒரு விதமாகவும் தெரியாதவனாயிருந்தால் வேறு விதமாகவும் கெடுப்பான். பொருள் தெரிந்தவன் கெடுத்ததுதான் அபாயம், ஏனெனில் அவன் ஒரு நல்ல சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல சொல்லை வைத்துப் போயிருப்பான். டிரைவிலும் இதே அபாயம் உண்டு. சக்திக்கு மீறிப் பிழை சேர்ந்துவிட்டால் திருத்தும் முறை முற்றிலும் வேறான, ஆனால் தன்னளவில் பழுதில்லாத ஒரு சொல்லுக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாம் சரி என்று அறிக்கை கொடுக்கும். அதைப் பிடிக்க மேலே இன்னொரு சோதனை வைக்கிறார்கள்.

ஓலைக்கு மேலே வைத்த சோதனை யாப்பு. எதுகையும் மோனையும் காதுக்கு இன்பம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அவை காவலும்கூட. அடியின் இரண்டாம் எழுத்து தவறினால் மற்ற அடிகளின் இரண்டாம் எழுத்து காட்டிக்கொடுக்கும். சீர் குறைந்தால் தளை தட்டும். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். கயிறறுந்து ஏடு கலைந்தாலும் அடுக்கிவிடலாம், நடுவில் ஒன்று போனால் போனது தெரியும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக இருக்கிறது. அதே நூலின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவேயில்லை. உட்கட்டமைப்பு எவ்வளவு உறுதியானாலும் ஏடே போய்விட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இங்கே ஒரு கேள்வியை நம் பக்கமே திருப்ப வேண்டியிருக்கிறது. புதுக்கவிதை யாப்பை உதறியது. உதறியதற்குக் காரணங்கள் இருந்தன, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உதறியதோடு காவலும் போயிற்று. கவிஞர் 'வலி' என்று எழுதி அச்சில் 'வழி' என்று வந்துவிட்டால் அந்தக் கவிதைக்குள் அதைக் காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. விமர்சகர் 'வழி'க்கு இரண்டு பக்கம் வியாக்கியானம் எழுதுவார். கவிஞர் படித்துவிட்டு, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடுவார். ஷான்னன் 1948ல் காட்டியது, இறுக்கிச் சுருக்கிய செய்தியில் உபரி இல்லை, உபரி இல்லாததில் காப்பும் இல்லை என்பது. மிகச் செறிவான கவிதை மிக எளிதில் கெடக்கூடிய கவிதை. ஒரு சொல்கூட அதிகப்படி இல்லை என்று நாம் பாராட்டுகிறபோது அதன் அபாயத்தையும் சேர்த்தே பாராட்டுகிறோம்.

உ.வே. சாமிநாதையர் 1880 அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும் 1887ல் சீவக சிந்தாமணி வெளிவந்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அடிக்குறிப்பு. ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைத்துவிட்டு, மற்றப் பிரதிகளில் இருந்ததைப் பிரதிபேதம் என்று அவர் காட்டினார். தமக்கு ஒப்பாததையும் வாசகன் பார்க்கும் இடத்தில் விட்டுவைத்தார். நெருங்கிய சொல்லைத் தேடிப் போட்டுவிட்டுப் பழையதை மறந்துவிடும் இயந்திரத்தின் திருத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர் திருத்தினார் என்பது தெரிகிறது. அவரே தவறியிருக்கலாம் என்பதற்கும் அதிலேயே இடமிருக்கிறது.

வங்கிப் பேரேட்டு விதி இதற்கு அண்ணன் தம்பி. கையெழுத்துப் பேரேடு இருந்த நாளில் சுரண்டக்கூடாது, மேலேயே எழுதக்கூடாது. தவறான தொகையை அது படிக்கத் தெரியும்படி ஒரே கோடால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டும். மூத்த ஊழியர்கள் இதை மதாசாரம் போலச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று எல்லாம் கம்ப்யூட்டர், ஆனாலும் விதி மாறவில்லை: போட்ட பதிவை அழிக்க முடியாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்யலாம். தவறும் கணக்கில் நிற்கும், திருத்தமும் நிற்கும், இரண்டுக்கும் பெயர் நிற்கும். வேடிக்கை என்னவென்றால் ஃப்ளாஷ் நினைவகமும் எழுதிய இடத்தின் மேலேயே எழுத முடியாது. புதியதை வேறு பக்கத்தில் எழுதி, பழைய பக்கத்தைச் செல்லாதென்று குறித்து வைக்கும். பிறகு இடம் தேவைப்படும்போது ஒரு கட்டு முழுவதையும் சேர்த்து அழித்துவிடும். பேரேட்டின் நாணயம் அதற்குச் சிறிது நேரம் இருக்கிறது, நிலைப்பதில்லை.

ஆனால் தொகைக்கு உள்ள இந்த மரியாதை பெயருக்கு இல்லை. கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கிறவர்களில் பாதிப் பேரின் பிரச்னை பணமல்ல, பெயர். குப்பத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் அதன் பாதி, பாஸ் புத்தகத்தில் தகப்பனார் இனிஷியல், நூறு நாள் வேலை அட்டையில் புருஷன் இனிஷியல். கல்யாணத்துக்கு முன் மு. செல்வி, பின் ச. செல்வி. இரண்டும் உண்மை, காலம்தான் வேறு. துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிஸாக்காரர்களுக்கு வேறு விதம். கடைசிப் பெயர் என்று ஒன்றைக் கேட்கிற படிவத்தில் 'குமார்' குடும்பப் பெயராகிவிடுகிறது. பெயர்ப் பொருத்தம் பார்க்கிற மென்பொருள் எழுத்துகளின் தூரத்தை அளந்து இத்தனை சதவீதம் என்று சொல்லும். குறைந்தால் மானியம் நிற்கும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹோஃப் என்ற டச்சுக்காரர் 1969ல் கண்ட முறைப்படி வைத்த காவல். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும். எண்ணுக்கு அத்தனை பாதுகாப்பு. அந்த எண்ணுக்குரிய மனுஷியின் பெயரை முதல் தடவை யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி அடித்தாரே, அதற்கு எந்தக் காவலும் இல்லை.

நினைவகக் கணிதத்தின் மூல நம்பிக்கை இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. முதலில் எழுதியதுதான் உண்மை என்பது அதன் வேதம். அதற்குப் பிறகு நேர்ந்ததெல்லாம் சேதம். எழுதியது எழுதியபடியே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். முதல் எழுத்தே பொய்யானால் அந்தப் பொய்யை ஒரு பிட் பிசகாமல், வெயிலுக்கும் மின்தடைக்கும் தப்பவைத்து, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றித் தரும். விசுவாசம் வேறு, உண்மை வேறு. ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் கவுன்ட்டரில் தினமும் நிரூபணமாகிறது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: சேதத்துக்கு உள்நோக்கம் இல்லை. எலெக்ட்ரான் யார் மீதும் பகைகொண்டு கசிவதில்லை. 2003 மே 18ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் என்ற இடத்தில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்க முடிந்ததைவிட அதிக வாக்குகள் பதிவாயின. மறுபடி எண்ணியபோது வித்தியாசம் சரியாக 4096. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. ஒரே ஒரு பிட் புரண்டிருந்தால் வரக்கூடிய தொகை. தவறு அபத்தமாக இருந்ததால் பிடிபட்டது, நம்பக்கூடியதாக இருந்திருந்தால் அவர் ஜெயித்திருக்கலாம். நம் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவர் எழுத்தாளர் சுஜாதா. அவருடைய நாவல்கள் பற்றி இப்பத்திரிகை வாசகர்களின் அபிப்பிராயம் எனக்குத் தெரியும், இங்கே அது வேண்டாம். பாட்டரியை எடுத்துவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கையை வைத்திருக்கும் அந்த நினைவகத்தைக் கசிவிலிருந்து காப்பது தொழில்நுட்பத்துக்கு முடியும். சந்தேகத்திலிருந்து காப்பது முடியாது. அதற்குத்தான் 2013லிருந்து காகிதச் சீட்டு. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் இரண்டாம் மூன்றாம் இடத்து வேட்பாளர்கள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பரிசோதிக்க வழி வைத்தது. பிழைக்கு ஆசிரியன் இல்லை என்றால் திருத்தும் கணிதம் போதும். ஆசிரியன் இருக்கக்கூடும் என்றால் சாட்சி வேண்டும், அதுவும் வேறு ஜாதிப் பொருளில்.

காட்டுப்பள்ளியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. வடக்கே பழவேற்காடு, தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம், இரண்டையும் இணைக்கும் கழி. 2013ல் துறைமுகம் வேலை ஆரம்பித்தது, லார்சன் அண்ட் டூப்ரோவிடமிருந்து 2018ல் அதானிக்குப் போயிற்று. 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கராக விரிக்கும் திட்டத்தைச் சுற்றிப் பல வருஷமாகத் தகராறு. 1996ல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழி நீர்ப்பரப்பாக இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிற்பாடு பெற்ற வரைபடத்தில் அதன் பெரும்பகுதி இல்லை என்று சூழலியல் ஆர்வலர்கள் 2017ல் வெளிப்படுத்தினார்கள். அந்த வருஷம்தான் டி.எம். கிருஷ்ணா புறம்போக்கைப் பற்றிப் பாடினார். ஆற்றின் மேல் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருந்தால்கூட யார் அடித்தார்கள் என்று கேட்கலாம். கழி காகிதத்தில் காலி அறையாகிவிட்டது, எழுதப்படாத ஏடுபோல. நான் முன்னே சொன்ன மறதியின் திசை இதுதான், ஆனால் எலெக்ட்ரான் தானாகக் கசிந்தது, இது தானாகக் கசிந்திருக்க முடியாது. பழைய வரைபடத்தின் இன்னொரு பிரதி வேறொருவர் கையில் இருந்ததால் கேள்வி எழுந்தது. ஒரே பிரதி, அதுவும் ஒரே அலுவலகத்தில் என்றிருந்தால், பின்னால் வந்தது முன்னே இருந்ததன் திருத்தமாகவே நின்றிருக்கும். மீன் பிடிக்கிறவர்களின் ஞாபகத்தை எந்த அலுவலகமும் பிரதியாக ஏற்பதில்லை.

ஆகவே என் கட்சி இது: ஆசிரியன் இல்லாத பிழையை ஓசைப்படாமல் திருத்தலாம். ஆசிரியன் உள்ள பிழையை, அது அலட்சியத்தால் வந்ததோ அயோக்கியத்தனத்தால் வந்ததோ, அடித்த கோடு தெரியும்படிதான் திருத்த வேண்டும்.

மென்பொருள் கம்பெனியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில், டிரைவுகூட எத்தனை பிழை திருத்தியது என்று எண்ணிக்கை வைத்திருக்கிறது, முழுக்க மௌனம் என்று சொல்லாதீர்கள் என்றார். ஒப்புக்கொள்கிறேன். எத்தனை என்று வைத்திருக்கிறது, எது என்று வைத்திருக்கவில்லை. பிறகு அவர் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயரிலிருந்து ஜாதியை எடுத்தார்களே, அவர்கள் பெயரிலும் அடித்த கோடு தெரிய வேண்டுமா? 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்று வாங்கிப் பெயர் மாற்றிக்கொண்டு வருகிற திருநங்கையின் கணக்கில், பழைய பெயரைப் படிக்கத் தெரியும்படி அடித்துவைத்து, கவுன்ட்டரில் இருக்கிற ஒவ்வொருவரும் அதைப் பார்க்கும்படி செய்வதா நாணயம்? அங்கே பிழைக்கு ஆசிரியன் இருக்கிறான், பிறந்தபோது எழுதிய ஊர். ஆனால் தடயம் நிற்பதால் தண்டனை அந்த ஆசிரியனுக்கு இல்லை, எழுதப்பட்டவளுக்கு.

நான் சொன்னது: தடயம் யார் மேல் விழுகிறது என்று பார்க்கலாம். எழுதியவன்மேல் விழுந்தால் நிற்கட்டும். எழுதப்பட்டவள்மேல் விழுந்தால் அவள் சொல்கிறபடி செய்யட்டும். நண்பர் விடவில்லை. வரைபடத்தில் கழியை அழித்தவர்களும், நாங்கள்தான் இதனால் பாதிக்கப்பட்டவர்கள், பழைய கோடு எங்கள் அபிவிருத்திக்கு இடைஞ்சல் என்று வந்து நிற்பார்களே என்றார். யாருக்குப் பெயர், யாருக்குப் பேனா என்பதை நிர்ணயிக்க ஒரு சோதனை இலக்கம் கிடையாது. அதைக் கட்டத்துக்குள் எழுதி வைக்க முடியாது. தனித்தனியாக, ஒவ்வொரு தடவையும், முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கவுன்ட்டரில் அதற்கு ஆளுக்கு நான்கு நிமிஷம் கிடைக்கிறது.